ஈஸ்ட்ஹாமில் ஒரு வெந்நீர் விவகாரம்

லண்டனுக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வருவதற்கென்றே சில இடங்கள் உண்டு. பக்கிங்ஹாம் அரண்மனை, பிக்பென், தேம்ஸ் நதிப் பாலம், மெழுகு பொம்மைக் கூடம். இவற்றைப் பற்றியெல்லாம் எழுதியாகிவிட்டது. போனவரும் எழுதினார், போகாதவரும் எழுதினார். ஆனால் அந்த ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிற ஒரு சமாசாரத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. சமையலறைச் சுவரில், வெள்ளை நிறத்தில், ஒரு சின்ன பீரோ சைஸில் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் பெயர் பாய்லர்.

உடனே பாட்டி வீட்டுக் கொல்லைப்புறத்துச் செம்பு பாய்லரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அடியில் கரி, நடுவில் புகைபோக்கி, மேலே தண்ணீர், பக்கத்தில் கண்ணெரிய ஊதிக்கொண்டு ஒரு மாமி. அதற்கு ரிப்பேர் என்று யாரையும் கூப்பிட்டதாகச் சரித்திரமே கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை புளி போட்டுத் தேய்த்தால் தீபாவளிக்குப் பளபளவென்று நிற்கும். லண்டன் பாய்லர் வேறு ரகம். அது நின்றால் வீடே நின்றுவிடும்.

இதை நான் தெரிந்துகொண்டது 2024 ஜனவரியில், ஈஸ்ட்ஹாமில்.

ஈஸ்ட்ஹாம் என்பது லண்டனின் கிழக்குப் பகுதி. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் இறங்கி ஸ்டேஷன் வாசலுக்கு வந்தால் ஹை ஸ்ட்ரீட் நார்த். வாசலிலேயே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வரவேற்கும். நாலு கடை தள்ளி நகைக்கடை, அதற்கு எதிரே இட்லி வடை. மகாலட்சுமி கோயில் அதே தெருவில். இன்னும் கொஞ்சம் நடந்தால் மேனர் பார்க்கில் முருகன் கோயில். யாழ்ப்பாணத் தமிழ், சென்னைத் தமிழ், மலையாளம், வங்காளம் எல்லாம் காதில் விழும். இங்கிலீஷ் கேட்கவேண்டுமென்றால் கொஞ்சம் காத்திருக்கவேண்டும்.

தெற்கே போனால் 1903-ல் திறந்த சிவப்புச் செங்கல் டவுன் ஹால். பக்கத்துத் தெருக்களில் நூறு வயது தாண்டிய வீடுகள், நம் அக்கிரகாரம் மாதிரி தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். எந்தத் தெருவைப் பார்த்தாலும் ஏற்கெனவே பார்த்த தெருவாகவே தோன்றும். அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் என் அண்ணன் மகளும் மாப்பிள்ளையும் இருக்கிறார்கள். கூடவே நாலு மாதக் கைக்குழந்தை.

கேஸைப் பற்றிப் பேசுவதற்கு ஈஸ்ட்ஹாமைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. காரணம், அங்கிருந்து தெற்கே சுமார் மூன்று கிலோமீட்டரில் பெக்டன். உலகத்தின் முதல் பொது கேஸ் கம்பெனி லண்டனில் 1812-ல் சாசனம் பெற்றது. பெயர், கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி. அவர்கள் 1870-ல் தேம்ஸ் கரையில் கட்டிய ஆலைதான் பெக்டன். கம்பெனித் தலைவராக இருந்த பெக் என்பவரின் பெயரையே ஊருக்கும் வைத்துவிட்டார்கள். கப்பலில் வந்த நிலக்கரியை வாட்டி கேஸ் எடுத்து, பாதி லண்டனுக்கு விளக்கேற்றினார்கள்.

கரியை வாட்டியது போக மிஞ்சிய கசடு மலையாகக் குவிந்தது. அந்தக் குப்பை மேட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'பெக்டன் ஆல்ப்ஸ்'! வெள்ளைக்காரனின் குசும்பைப் பாருங்கள். அதோடு விட்டார்களா? 1989-ல் அதன் மேல் செயற்கைச் சரிவு அமைத்துப் பனிச்சறுக்கே விட்டார்கள். கொஞ்ச வருஷம் ஓடியது, பிறகு மூடிவிட்டார்கள். மூடிக் கிடந்த கேஸ் ஆலையில், ஸ்டான்லி குப்ரிக் மரங்களைக் கொண்டுவந்து நட்டு, வியட்நாம் என்று சொல்லி 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' படம் எடுத்தார். படம் 1987-ல் வந்தது. பார்த்தவர்களுக்கு வியட்நாம்தான் தெரிந்தது. ஈஸ்ட்ஹாம் பக்கத்து ஊர் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது. 1967-லிருந்து 1977 வரை பத்து வருஷம் வீடு வீடாகப் போய் அடுப்புகளையும் ஹீட்டர்களையும் புது கேஸுக்கு மாற்றினார்கள். சுமார் நாலு கோடிச் சாமான்கள். பழைய கரி கேஸைவிட இதற்கு இரண்டு பங்கு சூடு. அதனால் ஒவ்வொரு பர்னரையும் மாற்றவேண்டியிருந்தது. பர்னர் மாறியது. வீட்டுக்குள் ஓடிய குழாய்கள்? அதுதான் நம் கதை.

★

அண்ணன் மகள் வீட்டு பாய்லருக்கு 'காம்பி' என்று பெயர். டாங்க் கிடையாது. வெந்நீர்க் குழாயைத் திறந்தவுடன் கேஸ் பற்றிக்கொண்டு, ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சூடாக்கித் தரவேண்டும். அறைகளில் இருக்கிற ரேடியேட்டர்களுக்கும் அதுவேதான் சூடு. இதற்கு 30 கிலோவாட் சக்தி. நம் வீட்டு அடுப்பு பர்னர்கள் பத்துப் பன்னிரண்டை ஒரே சமயத்தில் முழுசாகத் திருப்பிவிட்ட மாதிரி. நம் 14.2 கிலோ சிலிண்டரை இதில் மாட்டி முழு வேகத்தில் விட்டால் ஆறு மணி நேரத்தில் காலி. கியாஸ் புக் செய்த மெசேஜ் வருவதற்குள் சிலிண்டர் முடிந்துவிடும்.

இந்த பாய்லர் ஜனவரி முதல் வாரத்திலிருந்து வெந்நீருக்குப் பதிலாக வெதுவெது நீர் தர ஆரம்பித்தது. வெளியே பூஜ்யம் டிகிரி. சில நாள் நடுவிலேயே அணைந்து, ஏதோ ஒரு நம்பரைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி, பக்கெட்டில் ஊற்றி, கை வைத்துப் பார்த்து... "சித்தப்பா, இதுக்கு நான் ஊரிலேயே இருந்திருப்பேன்" என்றாள் அவள்.

ஆளைக் கூப்பிட்டார்கள்.

முதலில் வந்தவர் அசல் கிழக்கு லண்டன்காரர். நரைத்த தலை. பெரிய வேன். வாய்க்கு வாய் 'மேட்'. டீ கேட்டார், இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு. டீயைக் கையில் பிடித்துக்கொண்டே பாய்லருக்கு அடியில் குனிந்து குழாயைப் பார்த்தார். பல்லிடுக்கில் காற்றை இழுத்து, 'உஸ்ஸ்ஸ்' என்றார். பிறகு கேட்டார்:

"யார் இதைப் போட்டது?"

எனக்குப் புல்லரித்தது. மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வரும் பிளம்பர் பேசுகிற முதல் வசனமும் இதேதான். "யார் சார் இந்த வேலையைச் செஞ்சது?" மந்தைவெளியானால் என்ன, மைல் எண்டானால் என்ன, முன்னால் வேலை செய்தவன் முட்டாள். இது அந்தத் தொழிலின் கடவுள் வாழ்த்து.

அவர் தீர்ப்பு: குழாய் சின்னது. பாய்லருக்குப் போதுமான கேஸ் வரவில்லை. மீட்டரிலிருந்து பாய்லர் வரை அத்தனையையும் 28 மி.மீ. குழாயாக மாற்றவேண்டும். தரைப் பலகைகளைப் பெயர்க்கணும். ஆயிரத்து நானூறு பவுண்ட்.

மாப்பிள்ளை எச்சில் விழுங்கினார். நான் மனசுக்குள் நூறால் பெருக்கிக்கொண்டிருந்தேன். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கெல்லாம் உள்ள வியாதி இது. நாலைந்து வாரம் இருந்தால் குறைகிறது, முழுசாகக் குணமாவதில்லை.

இரண்டாமவர் நம்மவர். யாழ்ப்பாணத்துக்காரர், அந்த வட்டாரத்தில் முப்பது வருஷமாக வேலை செய்கிறவர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். முதலாமவர் சொன்னதைச் சொன்னோம். சிரித்தார்.

"உந்தக் குழாயில ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. பதினொரு வருசமா இதே குழாயிலதானே ஓடினது? லண்டன் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு. உங்கட கெட்டிலுக்குள்ள பாருங்கோ."

பார்த்தோம். வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது.

"கெட்டிலுக்கே இப்படியெண்டா பாய்லருக்குள்ள இருக்கிற தகட்டுக்கு எப்பிடி இருக்கும்? அடைச்சுப் போச்சு. உதுக்குக் காசைக் கொட்டாதேங்கோ. புதுசு ஒண்டைப் போட்டா இன்னும் பத்து வருசத்துக்கு யோசனை இல்லை. என்ன ஐயா, நான் சொல்லுறது சரிதானே?"

ஐயா என்றது என்னைத்தான். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விலையில்தான் நியாயம் கொஞ்சம் கம்மி. புது பாய்லர், கூலியோடு சேர்த்து, இரண்டாயிரத்து அறுநூறு பவுண்ட்.

மூன்றாமவர் போலந்துக்காரர். பேச்சு குறைச்சல். டீயும் வேண்டாம் என்றுவிட்டார். மாடிப்படிக்கு அடியில் இருக்கிற மீட்டரை டார்ச் அடித்துப் பார்த்தார். "பைப் ஓகே. பாய்லர் ஓகே. மீட்டர் நாட் ஓகே" என்றார். மீட்டரோடு ஒட்டியிருக்கும் ரெகுலேட்டரில் கோளாறாம். அதற்கு சீல் வைத்திருக்கிறது, தான் தொடக் கூடாது, கம்பெனிக்குப் போன் செய்யுங்கள் என்றார். பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். காசு கேட்கவில்லை. அந்த வாரத்தில் மாப்பிள்ளை சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

சிரிப்பு போன் எடுக்கும் வரைதான். அங்கே பாகப்பிரிவினை இப்படி: தெருவிலிருந்து வீட்டு வரைக்கும் வருகிற குழாய் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். மீட்டர், கேஸ் விற்கிற கம்பெனியின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டினால் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். கேஸ் விற்கிறவர்கள், "தெருக் குழாயில் அழுத்தம் குறைவாக இருக்கலாம், அவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். தெருக் குழாய்க்காரர்கள், "கேஸ் வாசனை வருகிறதா? இல்லையா? அப்படியானால் உங்கள் பிளம்பரைக் கேளுங்கள்" என்றார்கள். நடுநடுவே வயலின் இசை. தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டது எந்த இலாகா என்று நம்மூரில் கண்டுபிடித்த அனுபவம் இருந்ததால் எனக்கு மூச்சு வாங்கவில்லை. மாப்பிள்ளைக்கு வாங்கியது.

இதற்குள் கோயிலில் பார்த்தவர்களெல்லாம் ஆளுக்கொரு யோசனை. ஒருவர், "பாய்லரே வேண்டாம், ஹீட் பம்ப் போடுங்கள். 2023 அக்டோபரிலிருந்து அரசாங்கமே 7500 பவுண்ட் மானியம் தருகிறது" என்றார். நல்ல விஷயம்தான். ஆனால் நாளைக் காலையில் குழந்தைக்குக் குளிப்பாட்ட வேண்டும் என்கிறவனிடம் சொல்கிற யோசனை இல்லை.

ஆறு நாள் ஆகிவிட்டது. மூன்று பேர் பார்த்தாகிவிட்டது. குழாய் என்கிறார் ஒருவர், பாய்லர் என்கிறார் இன்னொருவர், மீட்டர் என்கிறார் மூன்றாமவர். மூவரும் முறையாகப் பரீட்சை எழுதி அட்டை வாங்கியவர்கள். யாரும் பொய் சொல்கிற முகமாகவும் இல்லை. யாரை நம்புவது?

★

இந்த இடத்தில்தான் ஆபத்து வந்தது. மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர் ஒருவர், "எனக்குத் தெரிந்த பையன் இருக்கிறான். எல்லா வேலையும் தெரியும். அட்டை கிட்டை கிடையாது. இருநூறு பவுண்ட் கையில் கொடுத்தால் சாயங்காலத்தில் முடித்துவிடுவான்" என்றார். ஆயிரத்து நானூறும் இரண்டாயிரத்து அறுநூறும் கேட்ட காதுக்கு இருநூறு என்பது தேவகானமாகத்தான் இருக்கும். வீட்டுக் கடன் ஒரு பக்கம், பிள்ளை பிறந்ததில் சம்பளம் ஒன்றுதான். மாப்பிள்ளை பாதி சம்மதித்துவிட்டார்.

காப்பாற்றியது பக்கத்து வீட்டுக் கிழவி. எண்பதைத் தாண்டியவர். பிறந்து வளர்ந்தது எல்லாம் அந்த வட்டாரத்திலேயே. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரோனன் பாயிண்ட் தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஊரில் பழைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் தெரியும்.

கானிங் டவுன் என்பது ஈஸ்ட்ஹாமுக்குத் தென்மேற்கே, அதே நியூஹாம் எல்லைக்குள் இருக்கிற இடம். 1968-ல் அங்கே ரோனன் பாயிண்ட் என்று 22 மாடிக் கட்டிடம் ஒன்றை எழுப்பினார்கள். பலகை பலகையாகக் கான்கிரீட் சுவர்களை வார்த்து, கொண்டுவந்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. ஜனங்கள் குடிவந்து இரண்டு மாதம்தான். அந்த வருஷம் மே 16-ம் தேதி விடிகாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், 18-வது மாடியில் ஒரு பெண்மணி டீ போட எழுந்து தீக்குச்சியைக் கிழித்தார். இரவெல்லாம் கசிந்திருந்த கேஸ் வெடித்தது. பெரிய வெடிகூட இல்லை. ஆனால் மூலைச் சுவர் வெளியே பிதுங்கி விழ, மேல் மாடிகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்து, கட்டிடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை இறங்கிவிட்டது. நாலு பேர் இறந்தார்கள். குச்சியைக் கிழித்த அம்மாள் பிழைத்துக்கொண்டார்.

விசாரணையில் என்ன தெரிந்தது? அடுப்பைக் குழாயோடு இணைத்த பித்தளை நட் ஒன்று தரக்குறைவானது. ஒரே ஒரு நட்.

அதற்குப் பிறகுதான், 1970-ல், கேஸ் வேலை செய்கிறவர்களைப் பதிவு செய்ய 'கோர்கி' என்ற அமைப்பு வந்தது. 2009 ஏப்ரல் 1-ம் தேதி முதல் அதன் இடத்தில் 'கேஸ் சேஃப் ரிஜிஸ்டர்'. பதிவு இல்லாதவர் கூலிக்குக் கேஸ் வேலை செய்வது அங்கே சட்டப்படி குற்றம். பதிவு செய்தவரிடம் மஞ்சள் முக்கோண முத்திரையோடு போட்டோ அட்டை இருக்கும். அட்டையின் பின்பக்கம்தான் முக்கியம். பாய்லரா, அடுப்பா, கணப்பா, எதில் அவர் தேறியிருக்கிறார் என்று அங்கேதான் போட்டிருக்கும். அடுப்புக்குத் தேறியவர் பாய்லரைத் திறக்கக் கூடாது. கண் டாக்டர் பல் பிடுங்கக் கூடாது என்பது மாதிரி.

"அன்னிக்கு எங்க வீட்டு ஜன்னலெல்லாம் அதிர்ந்துது. அட்டை இல்லாதவனைப் படியேத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிழவி உள்ளே போய்விட்டார். ரோனன் பாயிண்டை 1986-ல் முழுசாக இடித்துவிட்டார்கள். நான் மறுநாள் கானிங் டவுனுக்குப் போய்ச் சுற்றிவிட்டு வந்தேன். அந்தப் பேட்டையில் இப்போது தாழ்வான சின்னச் சின்ன வீடுகள். ஒரு வாசலில் குழந்தை சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடந்தது.

இருநூறு பவுண்ட் பையனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் மாப்பிள்ளை.

★

நாலாவதாக வந்தது ஒரு பெண். வங்காளதேச வம்சாவளி, அதே ஊரில் பிறந்தவள், முப்பது வயதுகூட இருக்காது. போனிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "கொட்டேஷன் இலவசம் கிடையாது. ஒரு மணி நேரம் பார்ப்பேன், தொண்ணூறு பவுண்ட். என்ன கோளாறு என்று எழுதிக் கொடுப்பேன். வேலையை என்னிடம் கொடுக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை."

"மூணு பேர் சும்மாவே பார்த்துட்டுப் போனாங்க. இவங்களுக்குப் பார்க்கறதுக்கே தொண்ணூறா?" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார்.

வந்தவள் முதலில் அட்டையைக் காட்டினாள், நாங்கள் கேட்காமலே. பின்பக்கத்தையும். டீயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். வெந்நீர்க் குழாயை முழுசாகத் திறக்கச் சொன்னாள். பையிலிருந்து யு வடிவத்தில் வளைந்த ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தாள், பாதி தண்ணீரோடு. பக்கத்தில் டிஜிட்டல் மீட்டர் ஒன்றும் இருந்தது. "நம்பர் இதில் தெரியும். ஆனால் வீட்டுக்காரர்களுக்கு அதில் காட்டினால்தான் புரியும்" என்று சிரித்தாள்.

புரிந்தது. அங்கே மீட்டரைவிட்டு வெளியே வரும்போது கேஸின் அழுத்தம் 21 மில்லிபார். அப்படியென்றால் 21 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தூக்கி நிறுத்துகிற பலம். கையை விரித்தால் ஒரு சாண். அவ்வளவுதான் சார்! அத்தனை பெரிய நகரத்தின் வெந்நீரெல்லாம் ஒரு சாண் அழுத்தத்தில்தான் ஓடுகிறது. அதில் மீட்டரிலிருந்து பாய்லர் போய்ச் சேருவதற்குள் ஒரு மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாது என்பது விதி. சுண்டுவிரல் அகலத்துக்கு மேல் போகக் கூடாது.

மீட்டரில் குழாயை மாட்டினாள். தண்ணீர் ஏறி நின்றது. 21. மீட்டரில் கோளாறு இல்லை.

பாய்லரில் மாட்டினாள். 17.

நடுவில் நாலு காணோம்!

அடுத்து ஒரு வேலை செய்தாள். மற்ற அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டு, வெந்நீரை ஓடவிட்டு, கையில் கடிகாரத்தோடு கேஸ் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 30 கிலோவாட் பாய்லர் மணிக்கு மூன்று கன மீட்டர் கேஸ் குடிக்கவேண்டும். இரண்டு நிமிஷத்தில் மீட்டர் 0.1 நகரவேண்டும். அவ்வளவு நகரவில்லை. "பாய்லர் பட்டினி கிடக்கிறது" என்றாள்.

பிறகு சமையலறைத் தரையில் ஒரு பலகையை மட்டும் பெயர்த்தாள். மாடிப்படியிலிருந்து சமையலறை வாசல் வரை 22 மி.மீ. குழாய், குறையில்லை. அதற்கப்புறம், எப்போதோ யாரோ சமையலறையை நீட்டிக் கட்டினபோது, 15 மி.மீ. குழாயைப் போட்டு இழுத்திருக்கிறார்கள். நாலு மீட்டர்தான். ஆனால் அதில் எட்டு எல்போ! தூணைச் சுற்றி, தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஏறி, கீழே இறங்கி, கோயில் பிராகாரம் மாதிரிச் சுற்றியிருந்தது. ஒவ்வொரு எல்போவும் அரை மீட்டர் குழாய்க்குச் சமம் என்பது அவர்கள் கணக்கு. ஆக நாலு மீட்டர் என்பது எட்டு மீட்டர். ஒன்பது மீட்டர் நீளத்தில் 15 மி.மீ. குழாய் மணிக்கு ஒன்றரை கன மீட்டர்தான் ஒழுங்காகக் கொண்டுபோகும். 22 மி.மீ. குழாய் அதே நீளத்துக்கு நாலரை கொண்டுபோகும். பாய்லருக்கு வேண்டியது மூன்று.

மாற்றவேண்டியது அந்த நாலு மீட்டர் மட்டும். முந்நூற்று எண்பது பவுண்ட். வேலையை அவளிடமே கொடுத்தோம். மறுநாள் முடித்தாள். மறுபடியும் கண்ணாடிக் குழாயை மாட்டினாள். 20.2. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டு, எல்லா நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் டீ குடித்தாள்.

முதல் மூன்று பேரையும் நான் திட்டத் தயாராக இருந்தேன். அவள் விடவில்லை. குழாய் சின்னது என்றாரே முதலாமவர், அது உண்மைதான், முழுக் குழாயும் இல்லை என்பதுதான் வித்தியாசம். யாழ்ப்பாணத்து அண்ணை சொன்ன சுண்ணாம்பும் உள்ளே இருக்கிறது, அடுத்த சர்வீஸில் சுத்தம் செய்யவேண்டும், ஆனால் இந்தக் கோளாறுக்குக் காரணம் அது இல்லை. மீட்டரைச் சந்தேகப்பட்டதும் சரியான சந்தேகம்தான், அளந்து பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்.

"அவங்ககிட்டேயும் இந்தக் கருவி இருக்குமே?" என்றேன்.

"நிச்சயமா இருக்கும். இது இல்லாமல் யாரும் இந்தத் தொழிலுக்கு வரமுடியாது."

"பின்னே ஏன் அளக்கலை?"

"நீங்க அளக்கறதுக்குக் காசு குடுக்கலையே" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அதுதான் விஷயம். இலவசமாகப் பார்க்க வருகிறவருக்குப் பதினைந்து நிமிஷம்தான் கட்டுப்படியாகும். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அவர் அனுபவத்திலிருந்து ஒரு பதிலை எடுத்துக் கொடுக்கிறார். குழாய் போட்டே பழகியவருக்குக் குழாய் ஞாபகம் வருகிறது, பாய்லர் மாட்டியே பழகியவருக்கு பாய்லர் ஞாபகம் வருகிறது. வேலை கிடைத்தால்தான் அவருக்கு வருமானம், ஆகவே யோசனையும் வேலையும் ஒரே பொட்டலமாக வருகிறது. மூவரும் ஒரே கேள்விக்கு மூன்று பதில் சொன்னதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் 'எங்கே கோளாறு?' என்ற கேள்வியை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. 'எவ்வளவு ஆகும்?' என்றுதான் கேட்டிருந்தோம்.

★

லண்டன் வீட்டு பாய்லர் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். எண்ணூரில் 2019-ல் இயற்கை எரிவாயு முனையம் திறந்த பிறகு, நம்மூர்ப் பக்கமும் சிலிண்டர் போய்க் குழாய் கேஸ் வீடு வீடாக வர ஆரம்பித்திருக்கிறது. நம் அடுப்புக்கு வருகிற அழுத்தமும் அதே 21 மில்லிபார், அதே ஒரு சாண்தான். சமையலறையை இடித்து மாற்றிக் கட்டும்போது குழாயை இஷ்டத்துக்கு வளைத்து இழுக்கிற ஆசை நமக்கும் வரும். 'நம்ம பையன்' ஒருவனும் கட்டாயம் கிடைப்பான்.

கேஸ் வாசனை வந்தால் யோசனையே வேண்டாம். சுவிட்சைத் தொடாமல், ஜன்னலைத் திறந்து, வால்வை மூடிவிட்டு வெளியே வந்து போன் செய்யவேண்டும். நம்மூரில் சிலிண்டர் கசிவுக்கு 1906. பிரிட்டனில் இருக்கிற உங்கள் பிள்ளைகளுக்கு 0800 111 999. குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாசனை இல்லை, ஆனால் அடுப்பு சோம்பி எரிகிறது என்றால், ஆளைக் கூப்பிடுங்கள். அட்டையைக் கேளுங்கள், பின்பக்கத்தையும் பாருங்கள். பார்ப்பதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, பல்லிடுக்கில் 'உஸ்' என்று காற்றை இழுத்து, "யார் சார் இதைப் போட்டது?" என்று கேட்பார். அதற்கு ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

"அது கிடக்கட்டும். இப்ப எவ்வளவு சார் காட்டுது?"